கறுமணலுக்குள் இரும்பு

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிப் புயல் அடித்து ஓய்ந்த பிறகு, லோறன்ஸ் கரை முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நடந்தான்.

"காலில இரும்பு போட்ட பிள்ளை ஒண்டைக் கண்டனீங்களோ?"

அளம்பிலில் கேட்டான். செம்மலையில் கேட்டான். நாயாற்று முகத்துவாரத்தைத் தோணியில் கடந்து கொக்கிளாய் மீன்வாடிகள் வரைக்கும் போய்க் கேட்டான். எல்லா இடத்திலும் சனம் தன் தன் பிணங்களோடும் பிய்ந்துபோன கூரைகளோடும் நின்றது. ஆனாலும் அவனுக்கு மறுமொழி சொல்லாமல் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. இரும்பு போட்ட பிள்ளையை ஒரு தரம் கண்டவர் மறக்க மாட்டார். இல்லை, அப்பிடி ஒரு பிள்ளை இஞ்ச ஒதுங்கேல்லை என்று சொன்னார்கள்.

லோறன்ஸின் மகள் சுசிலாவுக்குப் பதினொரு வயது. நாலு வயதில் வந்த காய்ச்சல் அவளின் இடது காலைத் தின்றுவிட்டுப் போனது. கன்னியாஸ்திரிமார் எடுத்துக்கட்டி, கொழும்பு ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஓர் இரும்புக் கால் செய்வித்துக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு கம்பிகள். தொடையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று தோல் வார்கள். அவற்றைக் காலையில் பூட்டுவதும் படுக்கப் போகும்போது கழற்றுவதும் லோறன்ஸின் வேலை. கடலுக்குப் போகிற நாளிலும் பிள்ளையை எழுப்பி, நித்திரை வெறியில் இருப்பவளின் காலை மடியில் தூக்கி வைத்து வாரைப் பூட்டிவிட்டுத்தான் போவான். அவளாகவே கழற்றக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். ஒரு தரம் அவள் களவாகக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகங்குப்புற விழுந்து நாடியை உடைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவன் அவளை அடித்தான். முதலும் கடைசியுமாக ஒரு அடி.

காலுக்கு இல்லாத பலமெல்லாம் அவளுக்குத் தொண்டையில் இருந்தது. கரைவலை இழுக்கிற நாட்களில் கவிழ்த்த வள்ளத்தின் மேல் ஏறி இருந்துகொண்டு, "அல்பேர்ட் மாமா, நீங்கள் இழுக்கேல்ல, கயித்தைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நிக்கிறீங்கள்" என்று கத்துவாள். இழுக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். அல்பேர்ட்டும் சிரித்துக்கொண்டு உண்மையாகவே இழுக்கத் தொடங்குவான். அவன் லோறன்ஸின் மனைவி புனிதத்தின் தம்பி; லோறன்ஸுக்கு மச்சான்.

புயல் வந்த அன்று பொழுதுபட முதலே கடல் மணல் திட்டியை ஏறிவிட்டது. ஆண்கள் எல்லாரும் வள்ளங்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டை விட்டுப் போகும்போது லோறன்ஸ் மகளிடம் சொன்னான்: "இரும்பைக் கழட்டாதை. சில நேரம் ஓட வேண்டி வரும்." அவன் திரும்பி ஓடி வந்தபோது முற்றத்தில் இடுப்பளவு தண்ணீர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்புநீர்க் களப்பு. கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு புனிதம் முன்னே போக, லோறன்ஸ் சுசிலாவைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் மேட்டுக்கு நடந்தான். பாதி வழியில் கூரையோ மரமோ ஏதோ ஒன்று வந்து அவன் முதுகில் அடித்தது. அவன் தண்ணீருக்குள் போனான். எழும்பியபோது தோளில் பாரம் இல்லை. அவளின் இரும்பு அவன் விலாவைக் கிழித்துக்கொண்டு போனதை மட்டும் உணர்ந்தான். கத்திக் கத்திப் பார்த்தான். அந்தக் காற்றில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

ஊரில் மற்றவர்களின் பிணங்கள் கிடைத்தன. சுசிலாவின் உடல் கிடைக்கவில்லை.

பங்குச் சுவாமி வந்து வெறும் சவப்பெட்டிகூட இல்லாமலே பூசை வைத்தார். புனிதம் பூசைக்குப் போனாள். லோறன்ஸ் போகவில்லை. அவன் மனதில் ஒரே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு மிதக்காது. மற்றப் பிள்ளைகளைக் கடல் இழுத்துப் போயிருக்கலாம், இவளை இழுத்திராது. விழுந்த இடத்திலேயே இரும்பு இவளை இருத்தியிருக்கும். அதற்கு மேலேதான் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. அப்படியென்றால் வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையில், அல்லது அதைச் சுற்றி எங்கேயோ, மணலுக்குக் கீழே பிள்ளை இருக்கிறாள். "கழட்டாதை" என்று சொன்ன வாய் இது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கண்ட கண்ட இடமெல்லாம் கிண்டினான்.

அல்பேர்ட் கருவாட்டுக் கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மல்லாவிச் சந்தைக்கும் புளியங்குளத்துக்கும் போய் வருகிறவன். மாசி மாதம் ஒரு நாள் வந்து சொன்னான்.

"அத்தான், புளியங்குளச் சந்தியில றேடியோ திருத்துற அப்புத்துரை எண்டு ஒருத்தர் இருக்கிறார். அவரிட்ட ஒரு மெசின் இருக்கு. சண்டைக் காலத்தில வெள்ளைக்காரன் கண்ணிவெடி தேடினதாம். வயல் சேத்துக்குள்ள விழுந்த கலப்பைக் கொழுவை அதால எடுத்துக் குடுத்தவர். நான் கண்ணால கண்டனான்."

லோறன்ஸ் மறுநாளே புறப்பட்டான்.

அப்புத்துரை இரண்டாம் உலக யுத்த காலத்தில் வவுனியா விமானத் தளத்தில் வேலை செய்தவன். வெள்ளைக்காரர் போகும்போது ஏலத்தில் விட்ட சாமான்களில் அந்த மெசினும் ஒன்று. நீண்ட தடியின் நுனியில் சோறு தின்னும் பீங்கான் கோப்பை அளவில் ஒரு தட்டு. முதுகில் போடுகிற பெட்டி. காதில் மாட்டுகிற இரண்டு கறுப்புக் கிண்ணங்கள். பெட்டியிலிருந்து வருகிற வயரில் தொங்கும் சின்னப் பெட்டியில் மூன்று குமிழ்கள். லோறன்ஸ் என்ன தேடுகிறான் என்பதை அல்பேர்ட் முதலே சொல்லியிருந்தான். அதனால் அப்புத்துரை நேரே குமிழ்களைக் காட்டத் தொடங்கினான்.

"இஞ்ச பாருங்கோ அண்ணை. இந்தக் குமிழ் சத்தத்துக்கு. மற்ற ரெண்டும் சமன் பண்ண. பெரிசால கிட்டக் கொண்டு போய், சின்னதால நேர் பண்ண வேணும். தட்டைச் சும்மா பிடிச்சுக்கொண்டு சத்தத்தைக் குறைச்சுக் குறைச்சு வாங்கோ. பிறகு இரும்பு கிட்ட வந்தால் அது கத்தும்."

"அவ்வளவுதானோ?"

"சொல்ல அவ்வளவுதான். பழக நாள் செல்லும்." அவன் பெட்டியை லோறன்ஸின் முதுகில் மாட்டிவிட்டான். "பற்றறி முடிய முடிய ஆளை அனுப்புங்கோ. மெசின் உங்களிட்டயே இருக்கட்டும். வேலை முடிஞ்ச பிறகு தந்தால் போதும்."

முதல் கிழமை அவன் சத்தக் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பி வைத்துக்கொண்டு நடந்தான். கூடக் கேட்டால் கூடக் கிடைக்கும் என்று நினைத்தான். மெசின் நடக்க நடக்கக் கத்தியது. கத்திய இடமெல்லாம் தோண்டினான். வள்ளத்து ஆணி, தகரப் பால்பேணி, கதவுப் பிணைச்சல், தூண்டில், உடைந்த அரிக்கன் லாம்பு. புயல் ஊரையே பிய்த்து மணலுக்குள் விதைத்திருந்தது. ஒவ்வொரு தரமும் மண்வெட்டி எதிலாவது தட்டுப்படும்போது அவன் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் மணலை விலக்குவான். பிறகு ஒரு பேணியைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருப்பான். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது காதுக்குள் இரைச்சல் நிற்காது. புனிதம் கூப்பிட்டால் கேட்காது.

"தலையிடிக்குதோ?" என்று அவள் கேட்பாள்.

"இல்லை."

"சாப்பிடுங்கோவன்."

தண்ணீர் ஓரத்துப் பக்கம் போனால் இன்னும் மோசம். அந்தக் கரையில் ஒரு கறுப்பு மணல் உண்டு. மாரி கடந்தால் வரிவரியாகப் படிந்து கிடக்கும். அதற்கு மேல் தட்டைக் கொண்டுபோனாலே ஓர் ஆணிகூட இல்லாத இடத்தில் மெசின் ஊளையிட்டது. களப்போரத்துப் பூவரச மரத்தடியில் புயல் அந்த மணலை ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தது. லோறன்ஸ் அங்கே ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தான். மணலைத் தவிர ஒன்றும் இல்லை. மெசின் பிழை விடுகிறது என்று நினைத்து அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் போனான்.

பங்குனியில் அவனுக்கு ஒன்று பிடிபட்டது. சத்தத்தைக் கூட்டினால் ஆணியும் பெரிய இரும்பும் ஒரே மாதிரிக் கத்தும். குறைத்தால் ஆணி அடங்கிப் போகும். குமிழைப் பாதிக்குக் கொண்டுவந்தான். அன்றைக்குத் தோண்டிய குழிகள் சொற்பம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் குறைத்தான். ஆனால் குறைக்கக் குறைக்கப் பயம் வந்தது. ஆழத்தில் கிடக்கிற பிள்ளையும் ஆணியோடு சேர்ந்து அடங்கிப் போனால்? அதற்கொரு வழி தேடி, கொல்லனிடம் போய்ச் சுசிலாவின் கால் நீளத்துக்கு இரண்டு கம்பிகள் வெட்டி வாங்கினான். அளவு காட்ட அவனுக்குக் கோல் தேவைப்படவில்லை. கையை விரித்து, இவ்வளவு, என்றான். கொல்லன் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு வெட்டிக் கொடுத்தான்.

அந்தக் கம்பிகளை முற்றத்தில் புதைத்து வைத்து அதன் மேல் பழகினான். முழங்கை ஆழம், முழுக்கை ஆழம். குறுக்கே போனால் எப்படிக் கேட்கிறது, நீளத்துக்குப் போனால் எப்படிக் கேட்கிறது. ஆணி ஒரு சொட்டுப் போல் கேட்கும். நீண்ட கம்பி அப்படி இல்லை. ஒரு முனையில் எழும்பி, நடுவில் தணிந்து, மற்ற முனையில் திரும்ப எழும்பும். புனிதம் குசினி வாசலில் குழந்தையோடு நின்று பார்த்தாள். முற்றத்தில் மண்ணை மூடுவதும் தோண்டுவதுமாக இருந்த கணவனைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு தாங்கவில்லை.

"என்ர முற்றத்தில இதைச் செய்யாதேங்கோ," என்றாள். "கும்பிட்டுக் கேக்கிறன். எங்கையாவது கொண்டு போய்ச் செய்யுங்கோ."

அவன் கம்பிகளைக் கிளறி எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான். கரையில் புதைத்துப் பார்த்தபோதுதான் மற்றது தெரிந்தது. காற்றில் தட்டைப் பிடித்துச் சமன் செய்துவிட்டு மணலில் வைத்தால் அந்தச் சமன் நிற்பதில்லை. தேடப் போகிற மண்ணின் மேலேயே தட்டை வைத்து, அந்த மண்ணோடு சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். வெள்ளை மணலுக்கு ஒரு சமன். ஈர மணலுக்கு இன்னொன்று. கறுமணலுக்குப் பெரிய குமிழை நன்றாகத் திருப்பி, பிறகு சின்னதை மயிரிழை மயிரிழையாக அசைத்துக்கொண்டு வர வேண்டும். அந்த நெளிவு கைக்கு வருவதற்குள் வைகாசி பிறந்துவிட்டது. அவன் விரல்கள் கயிறும் துடுப்பும் பிடித்துத் தடித்துப் போனவை. அந்தச் சின்னக் குமிழுக்கு அவை பெரிது. முதலில் விரலால் திருப்பினான். பிறகு நகத்தால் தள்ளினான். கடைசியில் பெருவிரல் சதையை அதன் மேல் வைத்து மூச்சு விடுகிற அளவுக்கு அசைக்கப் பழகினான்.

அதற்குப் பிறகும் ஒரு பாடம் இருந்தது. ஆனி மாதம் முழுக்க அவன் மெசினை முற்றாக அமைதியாக்கிவிட்டுத் தேடினான். சமன் என்றால் சத்தமில்லாமை என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஒரு நாள் கை தவறிச் சின்னக் குமிழ் இம்மியளவு விலகி, இரவில் காதோரம் நுளம்பு பறந்து இரைகிறது போல மெல்லிய ஒலி ஒன்று நின்றது. அதைத் திருத்தாமல் புதைத்த கம்பிகளின் மேல் நடந்தான். முன்பு கேளாத ஆழத்தில் இருந்தும் அந்த இரைச்சல் தடித்து மெலிந்தது. அமைதியிலிருந்து ஒரு ஒலி எழும்புவதற்குப் பெரிய இரும்பு வேண்டும். இருக்கிற ஒலி நடுங்குவதற்குக் கொஞ்சம் போதும். சும்மா கிடக்கிற காதைவிட, எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற காது கூடக் கேட்கிறது. அவன் அந்த இடத்திலேயே நின்று அழுதான். நாலு மாதமாகக் கேளாத காதோடு பிள்ளையின் மேலேயே நடந்து திரிந்திருப்பேனோ என்றுதான் அழுகை வந்தது.

அதனால் முதலில் இருந்து தொடங்கினான். தேடி முடிந்ததென்று விட்ட நிலத்தையெல்லாம், புதுக் காதோடு, புதுக் கையோடு, திரும்ப நடந்தான். கடலுக்குக் கிழமையில் இரண்டு மூன்று நாள் போவான். மற்ற நாட்களில் இது. அல்பேர்ட் அவனுக்கும் சேர்த்து உழைத்தான்.

ஆவணியில் ஒரு காலை அவன் பூவரச மரத்தடிக்கு வந்தான். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று உலர்த்திய கறுமணல் காலடியில் நொறுங்கியது. தட்டை மணலில் வைத்து, பெரிய குமிழைத் திருப்பி, சின்னதைப் பெருவிரலால் தொட்டுத் தொட்டு, ஊளை அடங்கி அந்த நுளம்பு இரைச்சல் வரும்வரை நின்றான். பிறகு மரத்தைச் சுற்றி நடந்தான். களப்புப் பக்கத்து வேர்களுக்கிடையில் ஒலி எழும்பியது, தணிந்தது, திரும்ப எழும்பியது. குறுக்கே போய்ப் பார்த்தான். சொட்டுப் போல் ஒன்று. நீளத்துக்கு வந்தான். எழும்பித் தணிந்து எழும்பியது.

அவன் மெசினைக் கழற்றிக் கிளையில் கொழுவினான். மண்வெட்டியை எடுக்கவில்லை. முழங்காலில் நின்று கையால் தோண்டினான். தோள் வரைக்கும் கை உள்ளே போனபோது விரலில் கம்பி தட்டுப்பட்டது. பிறகு தோல்.

இரும்புக் கால் முழுதாக வந்தது. உப்பில் கறள் பிடித்து, தோல் காய்ந்து கறுத்து, ஆனாலும் முழுதாக. அதற்குள் கால் இருக்கவில்லை. அவன் சுற்றிவரக் கிண்டினான். வேர்களுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினான். மணல், சிப்பி, மணல். வெயில் ஏறி உச்சிக்கு வந்தபோது களைத்துப்போய் இரும்பைக் கையில் எடுத்தான். அப்போதுதான் வார்களைப் பார்த்தான்.

வார் அறுந்திருக்கவில்லை. தொடை வார், முழங்கால் வார், கணுக்கால் வார் மூன்றும் கொக்கியிலிருந்து ஒழுங்காகக் கழற்றப்பட்டிருந்தன. கடல் கழற்றினால் அப்படிக் கழற்றாது. கொக்கியின் முள்ளை ஓட்டையிலிருந்து எடுத்து, வாரைப் பின்னால் இழுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரு பிள்ளையின் விரல்கள் கழற்றியிருந்தன. அவன் கையிலிருந்து போன பிறகு அவள் சாகவில்லை. இந்த மரத்தைப் பிடித்திருக்கிறாள். பிடித்துக்கொண்டு, தகப்பன் கழற்றாதை என்று சொன்னதைக் கழற்ற அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது. கூப்பிட்டிருப்பாள். அந்தப் பெரிய தொண்டையால் கூப்பிட்டிருப்பாள். அவன் கோயில் பக்கம் தேடிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு எப்படி வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. புனிதம் இரும்பைக் கண்டதும் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு ஓடி வந்தாள். அவள் அதைத் தொடவில்லை. கண் மட்டும் வார்களில் நின்றது.

"ஆர் கழட்டினது?"

"அவள்தான்."

"அப்ப அவள்..." புனிதம் அவன் சட்டையைப் பிடித்தாள். "அப்ப அவள் தப்பியிருக்கிறாள்! பாரம் இல்லாமல் மிதந்திருப்பாள். ஆரும் பிடிச்சிருப்பினம். இஞ்சாருங்கோ, அவள் எங்கையோ இருக்கிறாள்!"

எட்டு மாதமாக வாய் திறந்து அழாத பெண். அவன் தேடியபோதெல்லாம், பிள்ளை போயிட்டாள், விடுங்கோ என்று சொன்னவள் அவள்தான். இப்போது அவள் கண்ணில் எரிந்த வெளிச்சத்தைப் பார்க்க லோறன்ஸுக்குப் பயமாக இருந்தது. அந்த இரவு கடலும் களப்பும் ஒன்றாகக் கிடந்ததை அவன் கண்டவன். இரும்பு கழன்ற கால் நடக்காது, நீந்தாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும், இரும்பு மிதக்காது என்று அவன் தேடித் திரிந்த காலத்தில் அவள் அவனைப் பொறுத்தாள். இப்போது அவளைப் பொறுப்பது அவன் முறை.

"போய்க் கேட்டுப் பாப்பம்," என்றான்.

மெசினை அல்பேர்ட் புளியங்குளத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அப்புத்துரை குமிழ்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நுணுக்கமாய் ஆர் வைச்சது?" என்று கேட்டானாம். பிறகு, "பிள்ளை கிடைச்சுதோ?" என்றானாம். "இரும்புதான் கிடைச்சது" என்று சொன்னபோது அவன் குமிழ்களை மாற்றாமலே மெசினை உள்ளே கொண்டுபோய் வைத்தானாம்.

லோறன்ஸும் புனிதமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். வவுனியா ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். புயலில் தப்பிய பிள்ளைகளை வைத்திருந்த கன்னியாஸ்திரிமார் மடம் ஒன்றுக்குப் போனார்கள்; அங்கே வரிசையாக நின்ற முகங்களைப் பார்த்து முடித்த பிறகும் புனிதம் வாசலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு இடத்திலிருந்தும் திரும்பும்போது, "அடுத்த இடத்தில இருப்பாள்," என்றாள். கடைசியாக முகத்துவாரத்தைக் கடந்து கொக்கிளாய்க்குப் போனார்கள்.

லோறன்ஸ் முன்பு கேட்ட அதே வாடிகள்தான். நேசமலர் என்கிற பெண் வாடி வாசலில் மீனை உப்புப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தாள். லோறன்ஸை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"நீங்கள் முந்தியும் வந்தனீங்கள் அண்ணை. இரும்பு போட்ட பிள்ளை. நான் அப்பவே சொன்னனான், அப்பிடி ஒரு பிள்ளை இல்லை எண்டு."

லோறன்ஸ் தலையை ஆட்டினான். ஆனால் புனிதம் முன்னுக்கு வந்தாள்.

"இரும்பு இருக்காது தங்கச்சி. கழட்டிப்போட்டாள். பச்சைச் சட்டை. கழுத்தில வெள்ளைப் பூ தைச்சிருக்கு. நத்தார்ப் பெருநாளுக்கு எண்டு நான் தைச்சது, பொறுக்க மாட்டாமல் முதலே போட்டிட்டாள். இடது கால் கொஞ்சம் மெலிஞ்சிருக்கும்."

நேசமலரின் கையிலிருந்த உப்புக் கீழே கொட்டியது. அவள் புனிதத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். "அக்கா, இருங்கோ. இதில இருங்கோ."

புனிதம் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டாள்: "எங்க?"

புயலுக்கு அடுத்த நாள் வாடிக்குப் பின்னால் ஒதுங்கிய நாலு பேரில் ஒரு பிள்ளை. பச்சைச் சட்டை. ஒரு கால் மெலிவு. தண்ணீரில் கிடந்ததால் அப்படி என்று நினைத்தார்கள். கேட்டு வருகிறவர்களுக்காக இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் வைக்க முடியவில்லை. அடக்கி முடிந்த பிறகுதான் லோறன்ஸ் வந்தான். வந்து இரும்பு போட்ட பிள்ளையைக் கேட்டான். இந்தப் பிள்ளையின் காலில் இரும்பு இல்லை.

"எனக்கு அந்த யோசினையே வரேல்லை அண்ணை," என்று நேசமலர் அழுதாள். "இரும்பு எண்டு கேட்டீங்கள். நான் இல்லை எண்டிட்டன்."

லோறன்ஸ் அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். உன்னில் பிழை இல்லை, நான்தான் என் பிள்ளையை இரும்பைச் சொல்லித் தேடினேன் என்று சொல்ல நினைத்தான். அதற்குள் புனிதம் வாடிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அடம்பன் கொடி படர்ந்த மேட்டில் நாலு குருசுகள் நின்றன. வள்ளத்துப் பலகையில் செய்தவை. ஓரத்திலிருந்த சின்னதின் அடியில் மெழுகு உருகிக் காய்ந்திருந்தது.

"ஞாயிற்றுக்கிழமைகளில நான் வந்து செபிக்கிறனான்," என்றாள் நேசமலர். "பேர் இல்லாமல் எப்பிடிச் செபிக்கிறது? மரியா எண்டு சொல்லிச் சொல்லித்தான் செபிச்சனான்."

புனிதம் முழங்காலில் விழுந்தாள். இரண்டு கையாலும் அந்த மணலைத் தடவினாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தடவுவது போல.

"சுசிலா," என்றாள். "அவளின்ர பேர் சுசிலா."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு வாடிகளிலிருந்த பெண்கள் எல்லாரும் ஓடி வந்து, கிட்ட வராமல் சுற்றி நின்றார்கள். லோறன்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நேசமலர் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டபோதுதான் அவனாலும் நிலத்தில் குந்தி இருக்க முடிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் பையிலிருந்து இரும்பை எடுத்தான். எண்ணெய் பூசித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். பிள்ளையைக் கண்டால் அவளுக்கு வேணும் என்று புனிதம்தான் பையில் வைக்கச் சொன்னவள்.

"இதை இவளோடயே புதைப்பமோ?" என்று கேட்டான்.

புனிதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"வேண்டாம். அவள் கழட்டினதை நான் திருப்பிப் போட விடமாட்டன்."

திரும்பும்போது முகத்துவாரத்தின் ஆழமான இடத்தில் லோறன்ஸ் அதைத் தோணியிலிருந்து தண்ணீருக்குள் விட்டான்.

பிள்ளையைத் தோண்டி எடுத்துச் சொந்த ஊர்ச் சவக்காலைக்குக் கொண்டுவரலாம் என்று சுவாமி சொன்னார். புனிதம் மறுத்தாள். போதும், இன்னும் அவளை அலைக்கழிக்க வேண்டாம் என்றாள். அந்த வருஷம் மாரி தொடங்க முதல் அவர்கள் புயல் விட்டுவைத்த வீட்டைப் பிரித்து, தடியும் கிடுகும் சட்டி பானையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கொக்கிளாய்க்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. கரைவலைப் பங்கும் இல்லை. முதல் இரண்டு வருஷம் லோறன்ஸ் மற்றவர்களின் வலையை இழுத்துத்தான் பிழைத்தான்.

நல்ல கரையை விட்டுவிட்டு ஏன் இஞ்ச வந்தனீங்கள் என்று புதிதாகப் பழகியவர்கள் புனிதத்திடம் கேட்பார்கள். அவள் மீனை வெட்டிக்கொண்டோ, குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டோ, தலை நிமிராமல் சொல்வாள்:

"மூத்தவள் இஞ்சதான் இருக்கிறாள்."